ஒன்றாம் தேதி அட்டை

நீங்கள் கொடுத்த டீயை நான் குடிக்காததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். டம்ளரின் விளிம்பில் முன்பு யாரோ குடித்த பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு அதெல்லாம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே பிறர் எச்சில், பிறர் வியர்வை, பிறர் தலைமயிர் சிக்கிய சீப்பு எதைக் கண்டாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அன்று விசாரணைக்கு உட்கார்ந்த சபைப் பெரியவர்கள் மூன்று பேரும் அதே டம்ளர்களில் உறிஞ்சிக் குடித்தீர்கள். நான் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சகித்துக்கொள்வதும் ஊழியத்தில் ஒரு பகுதிதான்.

நடந்ததை எழுதித் தரும்படி உங்களில் ஒருவரான செல்லச்சாமி ஐயா சொன்னார்கள். "ஒளிவு மறைவு இல்லாம எழுதிக் குடுங்க தம்பி. வெளிய தெரிய வேணாம். சபைக்குள்ளயே முடிச்சுக்கிருவோம்," என்றார்கள். கையால் எழுதினால் அடித்தல் திருத்தல் வரும் என்பதால் பிரஸ்ஸிலேயே டைப் செய்து, இரண்டு முறை புரூஃப் பார்த்துத் தருகிறேன். ஒரு பிழையும் இருக்காது.

என்னை உங்களுக்குத் தெரியும். பாலகுரு, வயது முப்பது. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் ஒன்றில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கை பட்டுத்தான் மிஷினுக்குப் போகும். ஐந்து வருடமாக நம் சபையின் வாலிபர் ஊழியப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை ஆராதனையில், அந்த மாதத்துக்குத் தேவன் தரும் வாக்கு என்று எல்லாரும் ஆளுக்கொன்றாக எடுக்கும் பைபிள் வசன அட்டைகளை, அதாவது வாக்குத்தத்த அட்டைகளை, இலவசமாக அச்சடித்துத் தருவதும் நான்தான். மற்ற சபைகளில் அட்டை ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். நம்முடையது அப்படி இருந்ததில்லை.

2006 கடைசியில் வாலிபர் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். ஆமென் சொன்னதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார்கள். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு தட்டிக்குள் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கீபோர்டில் எண்ணெய்ப் பிசுக்கு. கர்ச்சீப் போட்டுத்தான் அதைத் தொட முடிந்தது. அங்கேதான் ஆர்குட் என்ற நட்பு இணையதளத்தை முதன்முதலில் பார்த்தேன். கூட்டத்தில் வாய் திறக்காத பையன், முன்பின் தெரியாத யாருக்கோ நாற்பது வரி எழுதிக்கொண்டிருந்தான். இவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும் என்று பாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆர்குட் என்றால் என்னவென்று தெரியாது. "நல்லதுக்குன்னா செய்யுங்க," என்றார். ஆக, அனுமதி இல்லாமல் நான் எதையும் தொடங்கவில்லை.

முதலில் என் சொந்தப் பெயரில்தான் கணக்கு வைத்தேன். எல்லாரும் வந்து ஒரு ஸ்தோத்திரம் எழுதிவிட்டு ஓடினார்கள். பொறுப்பாளரிடம் யார் மனதைத் திறப்பார்கள். நன்றாக இருக்கிறவனிடம் சொல்ல வெட்கம். அதனால் நன்றாக இல்லாத ஒருத்தியை உண்டாக்கினேன். பெயர் எழில். ஊர் கோயம்புத்தூர், வயது இருபத்துநான்கு. விபத்தில் இரண்டு காலும் போய், படுத்த படுக்கையில் மற்றவர்களுக்காக ஜெபிக்கிற சகோதரி. கால் இல்லாதவள் என்றால் நேரில் பார்க்க வா என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். பேச்சும் சரியாக வராது என்று சேர்த்துக்கொண்டேன். போன் நம்பர் கேட்கிற தொல்லையும் போயிற்று.

படத்துக்கு அலையவில்லை. ஆர்டர் பிடிப்பதற்காக ஆடிப் பதினெட்டுக்கு வெளியிடுகிற காலண்டர் மாதிரி ஆல்பத்தில் வருடத்துக்கு நாலைந்து டிசைன்கள் விலைபோகாமல் நின்றுவிடும். அப்படி நின்ற ஒன்றில், ரோஜாச் செடி பக்கத்தில் ஒரு பெண் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோஜாவை வெட்டி எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். கொஞ்சம் வெளிறினாற்போல நிறத்தைக் குறைத்தேன். வியாதிக்காரி ஆகிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் அவளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மாதத்தில் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் எழிலக்காவின் நண்பர்கள். ஆர்குட்டில் ஸ்கிராப் என்று எழுதினால் ஊரே படிக்கும். டெஸ்டிமோனியல் என்று இன்னொரு பெட்டி உண்டு. அதில் எழுதியதைப் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளாமல் விட்டால் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. ரகசியமெல்லாம் அந்தப் பெட்டியில் வந்து விழுந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் கண்டபடி எழுதுவார்கள். அதைப் படிப்பதே ஒரு தண்டனை. எழுதியிருந்ததோ அதைவிட. அப்பா குடித்துவிட்டு வாந்தி எடுத்த கதை, மாமா பையனோடு தியேட்டருக்குப் போன கதை, கடையில் திருடியது, தங்கை மேல் பொறாமை. அத்தனை அழுக்கையும் நான் ஒருவனே படித்தேன். படித்து முடித்ததும் எழுந்துபோய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன். பிறகு வந்து எழிலாக அன்பான பதில் எழுதுவேன். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றாம் தேதி காலையில் வாலிபர் வரிசைக்கு அட்டை நீட்டுகிறவன் நான். நாற்பது அட்டையை விசிறிபோல் விரித்துப் பிடித்து, ஒன்றை மட்டும் அரை விரற்கடை முன்னால் தள்ளி வைத்தால், பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் உருவுவார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுக்கிறவர்கள் பத்தில் பத்துப் பேரும். ஒரு பையனுக்கு ஆறு பேப்பர் அரியர். சாகலாம்போல இருக்கிறது என்று எழிலக்காவிடம் எழுதியிருந்தான். விழுந்தவன் எழுந்திருப்பதைப் பற்றிய வசனத்தை அவனுக்கு முன்னால் வைத்தேன். எடுத்துப் படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்து அழுதான். அடுத்த வாரம் நான்கு பேரைக் கூட்டி வந்தான்.

அந்தப் பையன் நான்கு பேப்பரைப் பாஸ் பண்ணிவிட்டான். இதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. வசனம் பொய் இல்லை. யாருக்கு எது வேண்டும் என்று தெரிந்து கொடுத்தேன். ஒன்பது பேர் அறுபத்துமூன்று ஆனார்கள். வருடாந்தரக் கூட்டத்தில் நீங்களே மேடையில் எனக்குச் சால்வை போட்டீர்கள். அந்தச் சால்வையில் பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது. அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாண்டிச்செல்வி 2007 ஜூலையில் வந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பெண். சிவகாசியில் கல்லூரி இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் படித்தாள். நன்றாகப் பாடுவாள். அவள் வந்த நாலே மாதத்தில் அவள் தெருவிலிருந்து பதினான்கு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டாசு யூனிட்டுக்கு ஆள் ஏற்றுகிற வேனையே சனிக்கிழமை சாயங்காலம் நமக்காகப் பேசி விட்டோம். அவள் இல்லாவிட்டால் அந்த வேன் காலியாகத்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அப்பா முத்துக்கருப்பன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். அம்மா இருளம்மாள் ஊருக்குப் பக்கத்து யூனிட்டில் மருந்து அடைக்கிற வேலை. மருந்து என்றால் வெடிமருந்து. 2008 மார்ச்சில் பாண்டிச்செல்வி எழிலுக்கு எழுதினாள். பிழைகளை நீக்கித் தருகிறேன். "அக்கா, அம்மாவ வேலையில இருந்து நிப்பாட்டணும்னு மனசு அடிச்சுக்கிருது. அந்த யூனிட்ல ஏதோ சரியில்ல. அப்பா வீடு பாத்துட்டாக. ஏப்ரல்லயே திருப்பூர் போயிரலாம்ங்கிறாக. நானும் பரீட்சைக்கு மட்டும் வந்து எழுதிக்கிருவேன். அம்மா சீசன் முடியட்டும்ங்குது. நான் ஒண்ணு தீர்மானம் பண்ணிட்டேன். ஒண்ணாந்தேதி அட்டையில வர்றதுதான் எனக்குப் பதில். போன்னு வந்தா மறுநாளே அம்மாவ இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

இப்படி அட்டையில் அடையாளம் கேட்பது நம் சபையில் புதிது இல்லை. உங்களில் ஒருவரே மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் தேதி குறித்தார்.

அந்த வாரமே இருளம்மாள் பிரஸ்ஸுக்கு என்னைத் தேடி வந்தாள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். முடியிலும் இமையிலும் அலுமினியப் பொடி. சேலையிலிருந்து கந்தக வாடை. என் மேஜைப் பக்கம் வந்துவிடுவாளோ என்று எனக்கு உடம்பு கூசியது. அவளே வாசலில் நின்றுகொண்டாள்.

"உள்ள வரல தம்பி. மேலெல்லாம் மருந்து. உங்க மிசினுல ஒட்டிக்கிரும்," என்றாள். பிறகு, "இவ திருப்பூருக்குப் போவோம்னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்க சொன்னாக் கேப்பா. என்ன செய்யச் சொல்றீக?"

"ஒண்ணாந்தேதி அட்டை வரட்டும்மா. அதுல வர்றபடி செய்யுங்க," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான் தம்பி. உங்கள நம்பித்தான அவள அனுப்புறேன்." சாத்தூர்ச் சேவு என்று சொல்லி ஒரு பொட்டலத்தை வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். பொட்டலக் காகிதத்தில் அவளுடைய ஐந்து விரலும் வெள்ளி வெள்ளியாகப் பதிந்திருந்தன. அவள் தெரு திரும்பியதும் இரண்டு பேப்பரால் அதைப் பிடித்துத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் அட்டைகளோடு பாண்டிச்செல்விக்கென்று இரண்டு அட்டை தனியாக அச்சடித்தேன். ஒன்று, இருக்கிற இடத்தை விட்டு வேறு தேசத்துக்குப் புறப்படச் சொல்லும் வசனம். மற்றது, இருக்கிற இடத்திலேயே எந்தத் தீங்கும் அண்டாது என்று சொல்லும் வசனம். இரண்டும் நல்ல வசனங்கள். ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை இரண்டும் என் கையில் இருந்தன. ஜூனில் வாலிபர் முகாம். அந்தப் பதினான்கு பெண்கள் வராவிட்டால் முகாமே நடக்காது. இது என் சொந்த நன்மைக்காக அல்ல. பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். இரண்டாவதைத் தள்ளி வைத்தேன்.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, போக வேணாமாம். ஒண்ணும் வராதாம்," என்றாள். அந்த அட்டையை அம்மாவிடம் கொடுத்தாள். இருளம்மாள் அதை ரவிக்கைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். என் அட்டையை அப்படிக் கசக்கி, வியர்வையில் நனைத்து வைத்திருந்தாள் என்று கேட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அந்த யூனிட்டில் இரண்டு அறைகள் தரைமட்டமாயின. ஏழு பேர். இறந்தவர்கள் பட்டியலில் இருளம்மாள் நான்காவது பெயர். பாண்டிச்செல்வி அன்று பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு எங்கள் பிரஸ்ஸில் எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். தெற்கே வெகு தூரத்தில் புகை தெரிந்தது. நான் போகவில்லை. லேபிள் ஆர்டர் ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் இதைக் கேட்கவில்லை. கேட்கவும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் மாரிக்கண்ணன் என்றைக்காவது உங்களிடம் வந்து அழுதுகொண்டே சொல்லுவான். அவன் சொன்னால் முன்னுக்குப்பின் முரணாக இருக்கும். நானே சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

மாரிக்கண்ணன் நம் வாலிபர் கூட்டத்துப் பையன். கிட்டார் வாசிப்பான். அவன் அப்பா தங்கச்சாமிதான் அந்த யூனிட்டின் போர்மேன். மார்ச் இருபத்தெட்டாம் தேதி, அதாவது அட்டை எடுப்பதற்கு நான்கு நாள் முன்பு, மாரிக்கண்ணன் எழிலக்காவுக்கு எழுதியிருந்தான். "அக்கா, ஒரு ரூம்ல நாலு பேருதான் இருக்கணும். அப்பா பத்துப் பேர உக்கார வைக்கிறாரு. மிச்ச மருந்த அழிக்காம அங்கனயே வச்சிட்டு வர்றாக. போன வாரம் ரெண்டு தடவ புகைஞ்சிருச்சு. தண்ணிய ஊத்தி அமத்திட்டாக. இன்னொரு தடவன்னா எல்லாரும் போயிருவாகன்னு அப்பாவே குடிச்சிட்டு அம்மாட்டச் சொன்னாரு. பாண்டிச்செல்வி அம்மாவும் அந்த ரூம்லதான் இருக்காக. அவகிட்டயாவது சொல்லிரவாக்கா? ஆபீசருக்கு ஒரு மொட்டக் கடுதாசி போடவா?"

எழில் அவனுக்கு எழுதிய பதிலும் என்னிடம் இருக்கிறது. பெற்ற தகப்பனைக் காட்டிக் கொடுப்பது சாபம் என்றும், மனிதரிடம் சொல்லாமல் முழங்காலில் சொல்லும்படியும் எழுதினாள். அவன் கேட்டுக்கொண்டான். நல்ல பையன். பாண்டிச்செல்விக்கு அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்வது ஊழியக்காரனுக்கு அழகல்ல. அந்த விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பு.

ஆகவே ஏப்ரல் ஒன்றாம் தேதி அட்டை நீட்டும்போது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். எந்த அறை என்றுகூடத் தெரியும். அவசரப்பட்டு முகம் சுளிக்காமல் நான் நினைத்ததையும் படியுங்கள். அங்கே ஏதாவது நடந்து, அந்த அட்டையை வைத்திருந்த இருளம்மாள் மட்டும் சேதமில்லாமல் வெளியே வந்திருந்தால், இந்த வட்டாரத்தில் அதைப்போல ஒரு சாட்சி உண்டா? வெம்பக்கோட்டையிலிருந்து விருதுநகர் வரை நம் சபைக்கு வராத வீடு ஒன்றுகூடப் பாக்கி இருந்திருக்காது. நம் வாலிபர் மாதாந்தரத் தாளுக்கு அந்தப் பக்கத்தை முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருந்தேன். தலைப்பு, பார்டர், அவள் படத்துக்கு ஒரு கட்டம். வெடிக்க வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை. வெடிக்கக்கூடாது என்றும் ஜெபிக்கவில்லை. ஜெபத்தை நடுநிலையாக வைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். மூடிய பெட்டி. நான் தூரத்தில் நின்றுகொண்டேன். மூன்று நாள் கழித்து பாண்டிச்செல்வி எழிலுக்கு எழுதினாள். "அக்கா, அட்ட பொய்யா? நான் போயிருவோம்னுதான சொன்னேன்."

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு ஆமாம் என்று பதில் எழுதினால் அறுபத்துமூன்று பேருடைய விசுவாசம் என்ன ஆகும். அதனால், அட்டையில் பொய் வராது, எடுத்த கையைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். உனக்குள் மறைத்து வைத்த ஏதாவது இருக்கிறதா, அதற்காகத்தான் அம்மா போனார்களா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னேன். யோசித்திருக்கிறாள். நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். ஒன்பதாம் வகுப்பில் காப்பி அடித்தது, கல்லூரிப் பையன் ஒருவனை மனதுக்குள் நினைத்தது, மருந்து வாடை அடிக்கிறது என்று அம்மா பக்கத்தில் படுக்காமல் தள்ளிப் படுத்தது. கடைசியாகச் சொன்னதை அவள் மூன்று தடவை எழுதியிருந்தாள்.

மே மாதம் சபை முன்னால் நின்று அவள் அதை அறிக்கை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் பாவத்தால்தான் எங்கம்மா செத்தாக என்று மைக்கில் சொன்னாள். நீங்கள் மூன்று பேரும் அல்லேலூயா என்றீர்கள். செல்லச்சாமி ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதை மாதாந்தரத் தாளில் போட்டேன். பக்கம் தயாராகத்தான் இருந்தது. தலைப்பை மட்டும் மாற்றினேன். முகாமுக்கு எண்பது பேர் வந்தார்கள்.

மாரிக்கண்ணனும் எழுதினான். அவன் அப்பா ஸ்டேஷனில் சரணடைந்து, பிறகு ஜாமீனில் வந்துவிட்டிருந்தார். "நான் சொல்லியிருந்தா ஏழு பேரும் இருந்திருப்பாகல்லக்கா?" என்று கேட்டிருந்தான். தேவன் மறந்ததை நீ ஞாபகப்படுத்தாதே என்று எழில் பதில் எழுதினாள். அதன்பிறகு அவன் கிட்டாரைத் தொடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

முகாம் முடிந்ததும் பாண்டிச்செல்வி படிப்பை விட்டுவிட்டு அப்பாவிடம் திருப்பூர் போய்விட்டாள். வேனும் நின்றுவிட்டது. இது இப்படியே அமைதியாகப் போயிருக்கும். கெடுத்தது ஒரு சேல்ஸ்மேன். விலைபோகாத பழைய டிசைன் ஒன்றை என்னைக் கேட்காமல் 2009 ஆல்பத்தில் சேர்த்துவிட்டான். திருப்பூர் நூல் கடைக்காரர் ஒருவர் அதையே எடுத்து ஐந்நூறு காலண்டர் போட்டார். ரோஜாச் செடி பக்கத்தில் நிற்கும் பெண். அது மிஷினில் ஓடியபோது நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். என் வேலையில் ஒன்பது வருடத்தில் நடந்த ஒரே கவனப்பிசகு அதுதான்.

இந்த ஜனவரியில் அவள் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியில் அந்தக் காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். சாப்பாடு கொடுக்கப் போன பாண்டிச்செல்வி பார்த்திருக்கிறாள். அடியில் எங்கள் பிரஸ்ஸின் பெயர். அங்கிருந்து பஸ் ஏறி, சுருட்டிய காலண்டரோடு நேராக உங்களிடம் வந்தாள். அன்று விசாரணை அறையில் அவள் அதை மேஜையில் விரித்ததும், சுருண்டு சுருண்டு போனதை நான்கு டீ டம்ளர்களை நான்கு மூலையில் வைத்து நிறுத்தியதும் உங்களுக்குத் தெரியும். படத்தின் மேல் டீ வட்டம் விழுந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இந்தா இருக்காக எழிலக்கா. நல்லாப் பாருங்க ஐயா. ரெண்டு காலும் இருக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்து, "எங்கம்மா பக்கத்துல படுக்கலைன்னு நான் யார்ட்ட சொன்னேன், அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அது எனக்கு வந்த கேள்வி இல்லை. அது எழிலுக்கு வந்த கேள்வி.

எழிலின் கணக்கை அழித்துவிடும்படி நீங்கள் சொன்னீர்கள். அழித்துவிட்டேன். ஆனால் சும்மா மறைந்துபோனால் பிள்ளைகள் தவித்துப்போவார்கள் என்பதால், கடைசியாக அவளுடைய அண்ணன் எழுதியதைப்போல ஒன்று எழுதினேன். திங்கட்கிழமை விடியற்காலை எழில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள், முகத்தில் புன்னகை இருந்தது என்று. ஐம்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள். போன சனிக்கிழமை நடந்த அஞ்சலி ஜெபத்தில் நீங்களும் நின்றீர்கள். விஷயம் தெரிந்தும் வெளியே சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்களே, அன்றுதான் நீங்கள் என்னைப் புரிந்துகொண்டீர்கள் என்று தெரிந்தது.

எனக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். அந்தச் சேவுப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டிருக்க வேண்டாம். காகிதத்தை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்திருந்தால், அந்த ஐந்து விரல் அடையாளத்தை ஸ்கேன் செய்து மாதாந்தரத் தாளின் அந்தப் பக்கத்தில் போட்டிருக்கலாம். படத்துக்கு விட்ட கட்டம் கடைசி வரை காலியாகவே இருந்தது. அந்தக் கட்டத்தில் போடுகிற அளவுக்குக்கூட அவளுக்கு ஒரு போட்டோ இல்லை.

வாலிபர் பொறுப்பில் நான் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை கூடுகிறீர்கள். அன்று பிப்ரவரி ஒன்றாம் தேதி. மனிதருடைய யோசனையை நம்ப வேண்டாம். இத்துடன் ஒரு கவர் வைத்திருக்கிறேன். அதில் மூன்று அட்டைகள் இருக்கின்றன, மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. கையைக் கழுவிவிட்டு, ஜெபித்துவிட்டு எடுங்கள். எதையும் நான் முன்னால் தள்ளி வைக்கவில்லை. உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரக்கூடாது என்பதற்காக, மன்னிப்பைப் பற்றிய ஒரே வசனத்தைத்தான் மூன்றிலும் அச்சடித்திருக்கிறேன். யார் எடுத்தாலும் தேவன் அதையேதான் சொல்லுவார்.